வழிநடைக் குறிப்புகள்: பாணுக்குள் ஒரு வடை

“வடையைப் பாணுக்குள்ள வைச்சுத் தின்னுறதோ? உதென்ன கோதாரி?” என்று எமது இல்லாள் வினவியபோது, நாம் மும்பை மாநகரத்துத் தாதர் புகையிரத நிலையத்தின் வெளியே, மாலை ஆறு மணிச் சனத்திரளின் நடுவே, சிறியதொரு தள்ளுவண்டிக் கடையின் முன் நின்றுகொண்டிருந்தோம். நின்றுகொண்டிருந்தோம் என்று எழுதுவதுகூட மிகைதான். அந்நேரத்தில் அவ்விடத்தில் எவரும் தாமாக நிற்க இயலாது. பின்னால் வருவோர் நம்மைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துகின்றனரோ அங்கே நிற்கலாம், அவ்வளவே.

வழக்கமாக இப்பத்தியில் நாம் கோயில், குளம், கோட்டை, நூலகம் என்று எழுதி வருகின்றோம். இம்முறை தெருவோரத் தின்பண்டம் ஒன்றை எடுத்துக்கொண்டமைக்கு நேயர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். ஓர் ஊரின் கதையை அவ்வூர் அரும்பொருட்சாலையிற் காண்பதிலும் பார்க்க, அவ்வூரவர் அவசரத்தில் நின்றுகொண்டு உண்பதிலே சில வேளைகளில் தெளிவாகக் காணலாம் என்பது எமது நெடுநாளைய எண்ணம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் எமது பெறாமகளின் திருமணத்தின் பொருட்டு நாம் அந்நகருக்குச் சென்றிருந்தோம். இலண்டனிற் படிக்கப்போன இடத்திலே பிள்ளைகள் தாமே தேடிக்கொண்ட சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் நெல்லைச் சீமைத் தமிழர். மூன்று தலைமுறையாக மும்பையில் மாதுங்கா என்னும் பகுதியில் வாழ்பவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அறுபத்தெட்டு வயதுடைய ஒரு பெரியவர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்நகரத்துச் சனக்கூட்டத்தினூடே நாம் பின்தொடர இயலாத வேகத்தில் நடப்பவர். திருமணம் முடிந்த மூன்றாம் நாள், ஊர் பார்க்க எங்கே செல்ல விருப்பம் என்று அவர் எம்மைக் கேட்டார். கடற்கரை வாயிலையும் குகைக் கோயில்களையும் முன்னரே பார்த்துவிட்டோம் என்றும், மும்பைக்கு வந்து ‘வடா பாவ்’ உண்ணாமற் செல்லலாகாது என்று கொழும்பு நண்பர் ஒருவர் சொல்லியனுப்பினார் என்றும் நாம் கூறினோம். பெரியவர் ஒரு கணம் பேசாதிருந்தார். பின்னர், “அதுக்கென்ன சம்பந்தி, வாங்க போவோம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த ஒரு கண மௌனத்தை நாம் அப்பொழுது பொருட்படுத்தவில்லை.

மாதுங்காவிலிருந்து தாதர் அடுத்த தரிப்பிடம். மும்பையின் இரு பெரும் புகையிரதப் பாதைகள், மத்திய பாதையும் மேற்குப் பாதையும், சந்திக்கும் இடம் அது. ஒரு வண்டியிலிருந்து இறங்கி மறு வண்டிக்கு மாறுவோர் மேம்பாலத்தின்மேல் வெள்ளம்போற் பாய்வர். மேற்கு வாயிலின் அருகே பூச்சந்தை; செவ்வந்திப் பூக்குவியல்களின் மணம். அதனைக் கடந்ததும் கொதிக்கும் எண்ணெயின் மணம்.

கடை என்று சொல்லத்தக்க கட்டடம் ஏதுமில்லை. ஒரு வண்டி, ஓர் அடுப்பு, பெரியதொரு தாச்சி, பக்கத்தில் ஒரு கிழங்கு மலை. உருளைக்கிழங்கை அவித்து மசித்து, உள்ளியும் இஞ்சியும் பச்சை மிளகாயும் இடித்துச் சேர்த்து, கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள், பெருங்காயம் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி இலையை அரிந்து தூவிப் பிசைந்து வைத்திருக்கின்றனர். கடைக்காரரின் உதவியாளாகிய இளைஞன் அதிலிருந்து எலுமிச்சங்காய் அளவிலும் சற்றுப் பெரிதாக உருண்டைகள் பிடித்து, கரைத்து வைத்த கடலைமாவில் தோய்த்து, எண்ணெயின் விளிம்போரமாக நழுவவிடுகின்றான். ஒரு தடவைக்கு இருபது உருண்டைகள். அவன் எண்ணுவதில்லை, கை எண்ணுகின்றது.

உருண்டைகள் பொன்னிறமாகி மேலெழுந்ததும் துளைக் கரண்டியால் அள்ளித் தட்டிற் கொட்டுகின்றனர். அவற்றோடு, எண்ணெயிற் சிந்திய கடலைமாத் துளிகள் மொறுமொறுப்பான தூளாகத் திரண்டு வருகின்றன. அதனை எறிந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். அதற்குத் தனிப் பெயர் உண்டாம், ‘சூரா’. கேட்டு வாங்குவோரும் உண்டாம்! பின்னர் பாவை எடுத்து நடுவே பிளந்து, முழுதும் அறுபடாமல் ஒரு பக்கத்தை விட்டு, உட்புறம் ஒரு பக்கத்தில் பச்சைச் சட்னியும் மறுபக்கத்தில் புளியும் பேரீச்சம்பழமும் சேர்ந்த இனிப்புச் சட்னியும் தடவி, செந்நிறமான உலர்ந்த சம்பல் ஒன்றைத் தூவி, வடையை வைத்து அழுத்தி, எண்ணெயிற் பொரித்து உப்பிட்ட பச்சை மிளகாய் ஒன்றை மேலே வைத்து, கடதாசித் துண்டொன்றிற் சுற்றி நீட்டுகின்றனர். தட்டு இல்லை, கரண்டி இல்லை, இருக்கை இல்லை. விலை இருபது ரூபாய். பணம் கொடுத்த கை திரும்புமுன் பொதி மறுகையில் இருக்கும்.

அந்தச் செந்நிறச் சம்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். கொப்பரைத் தேங்காய், உள்ளி, செத்தல் மிளகாய், உப்பு, சிலர் நிலக்கடலையும், இவற்றை வறுத்து இடிப்பது. வடையை உண்டவர் பலர் வடையை மறந்துவிடக்கூடும். இதனை மறக்க முடியாது. எமது வீடுகளில் இடிக்கும் சம்பலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று எமக்குத் தோன்றியது.

எமது இல்லாளுக்கு அந்த எண்ணெயைப் பற்றித்தான் கவலை. “இஞ்சாருங்கோ, உந்த எண்ணெயைப் பாத்தனீங்களோ? எத்தினை நாள் எண்ணெயோ தெரியாது” என்றார். பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். தெருவில் உண்பதற்கு அவர் சொன்ன இலக்கணத்தை மாணவர்களும் பயணிகளும் குறித்துக்கொள்ளலாம். கூட்டம் நிற்கும் கடையிலே உண்க. அங்கே பண்டம் ஆறுவதற்கு நேரமிராது. தாச்சியிலிருந்து உம் கண்முன் எடுக்கப்பட்டதை மட்டும் வாங்குக. தட்டிற் கிடப்பது வேண்டாம். வயிற்றில் ஐயமிருப்பின் நீர் சேர்த்து அரைத்த பச்சைச் சட்னியைத் தவிர்த்து உலர்ந்த சம்பலோடு நிறுத்துக. வயிறு பண்டத்தாற் கெடுவதிலும் தண்ணீராற் கெடுவதே அதிகம் என்பது அவர் கட்சி. பல ஊர்களில் வயிறு கெட்டுக் கிடந்த அனுபவத்தால் நாமும் அதனை ஆமோதிக்கின்றோம்.

உண்டோம். முதலில் வாயில் அகப்படுவது பாவின் மென்மை. ஏதும் நடவாதது போன்ற ஒரு மென்மை. அதன்பின் கடலைமாவின் மெல்லிய ஓடு உடைகின்றது; உள்ளிருந்து கிழங்கின் ஆவி நாக்கைச் சுடுகின்றது; சுட்ட நாக்கின்மீது உள்ளிச் சம்பல் வந்து குந்துகின்றது. கண்ணில் நீர் வந்தது. இனிப்புச் சட்னி எதற்காக இருக்கின்றது என்பது அந்த வேளையிலேதான் விளங்குகின்றது. எமது இல்லாள் “காட்டுங்கோ பாப்பம்” என்று எமது கையிலிருந்ததில் அரைவாசியை வாங்கிக்கொண்டார். சிறிது நேரத்தில் எண்ணெயைப் பற்றிய பேச்சு ஓய்ந்துவிட்டது. தமக்கெனத் தனியே ஒன்று வேண்டுமென்று அவர் சைகை காட்டினார்.

உண்டுகொண்டிருக்கும்போதே எமக்கு அந்தச் சொல் உறுத்தியது. பாவ். கடைக்காரர் வாயால் அதனைக் கேட்கக் கேட்க, நாம் காலையில் வீட்டில் உண்ணும் பாணே நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே சொல். போர்த்துக்கீச மொழியில் ரொட்டிக்குப் ‘பாவ்ங்’ என்று மூக்கால் ஒலிக்கும் ஒரு பெயர் உண்டு. அந்த மூக்கொலியை மராத்தியரும் கோவாவினரும் கைவிட்டுப் ‘பாவ்’ என்றனர். நாம் அதனை ணகர ஒற்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு ‘பாண்’ என்றோம். 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கீசர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை நேரே ஆண்டனர். மும்பைத் தீவுகள் 1534இல் குஜராத் சுல்தானிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தன. 1661இல் தங்கள் இளவரசியை ஆங்கில மன்னருக்கு மணமுடிக்க உடன்படிக்கை செய்தபோது சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டனர். சீதனமாக ஒரு நகரத்தையே கொடுத்த கதையைக் கேட்ட எமது இல்லாள், “காணி உறுதியெல்லாம் சரியா இருந்ததோ?” என்றார். கைமாற்றுவதில் நான்கு ஆண்டுகள் இழுபறி இருந்தது என்று நாம் விடையிறுத்தோம்.

ஆட்சி போயிற்று, சொற்கள் போகவில்லை. எமது வீட்டில் நாம் கதிரையில் அமர்ந்து, மேசையில் கோப்பையை வைத்து, அலுமாரியைச் சாவியாற் திறந்து, சப்பாத்து அணிந்து புறப்படும்வரை எத்தனை போர்த்துக்கீசச் சொற்களை வாயில் ஏற்றுகின்றோம் என்பதை மாணவர்கள் ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம். குசினியும் அவர்களுடையது, பாண் வேகும் போறணையும் அவர்களுடையது. மராத்தியிலும் திறப்புக்கு ‘சாவி’ என்றே பெயர். சம்பளத்துக்கு ‘பகார்’ என்பர். அதுவும் அவ்வழி வந்ததே. இடைக்கிடையே சிலர் கட்டும் கதைகளை நம்ப வேண்டாம். ‘பாவ்’ என்பது காலைக் குறிக்கும் இந்திச் சொல்லை ஒத்திருப்பதால், மாவைக் காலால் மிதித்துப் பிசைந்தமையாலேயே அப்பெயர் வந்தது என்று அந்நகரில் ஒரு பழங்கதை உலவுகின்றது. அருவருப்பூட்டி ரொட்டியைத் தவிர்க்கச் செய்வதற்கு நல்ல கதைதான், உண்மை அதுவன்று.

வடைக்குள் இருக்கும் கிழங்கையும் விசாரித்தோம். கடைக்காரர் அதனைப் ‘பட்டாட்டா’ என்றார். அச்சொல்லும் கப்பலில் வந்தது. அமெரிக்கக் கண்டத்துத் தீவுகளில் வற்றாளங்கிழங்குக்கு வழங்கிய பெயர் போர்த்துக்கீசர் வாய்வழி உருளைக்கிழங்கின்மேல் ஏறிக்கொண்டது. எமது ஊர் வற்றாளையும் அச்சொல்லின் உறவே போலும். சிங்கள அன்பர்கள் உருளைக்கிழங்கை ‘அர்த்தாபல்’ என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். கிழங்கு மட்டுமா? மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினது. அச்சம்பலிற் சேரும் நிலக்கடலையும் அவ்வாறே. போர்த்துக்கீசர் வருமுன் நமது நாடுகளில் உறைப்புக்கு மிளகைத் தவிர வேறு பெரிய துணையில்லை. ஆகவே, மும்பையின் அடையாளம் என்று இன்று உலகம் கொண்டாடும் அச்சிற்றுண்டியில் ரொட்டியும் கிழங்கும் உறைப்பும் கடல் கடந்து வந்தவை. கடலைமாவு மட்டும் பழைய குடி.

வீட்டிற் செய்து பார்க்க விரும்பும் தாய்மாருக்கு இரண்டு குறிப்புகள். அச்சுப்பாணை வெட்டி வைத்தால் இது சரிவராது. அதன் ஓரம் கடினமானது. அங்கே பாவைத் தட்டில் நெருக்கி அடுக்கிச் சுடுவதால் ஒன்றோடொன்று ஒட்டி, பக்கங்கள் ஓடு கட்டாமல் மெதுவாகவே இருக்கும். இனிப்பில்லாத பணிஸ் கிடைப்பின் அதுவே அதற்கு அண்மையானது. மற்றது, கிழங்கை அவித்தபின் நீர் நன்கு வடிந்து ஆறிய பிறகே பிசைய வேண்டும். ஈரக் கிழங்கு எண்ணெயில் வெடிக்கும். ஊர் திரும்பிய மறுகிழமையே எமது குசினியில் இது நிரூபிக்கப்பட்டது.

இனிக் கதைக்குத் திரும்புவோம். இவ்வுணவை இவ்வடிவில் முதலில் விற்றவர் அசோக் வைத்தியா என்பவர் என்றும், 1966ஆம் ஆண்டில் இதே தாதர் நிலையத்தின் வெளியே கடை வைத்தார் என்றும் பொதுவாகச் சொல்வர். கிழங்கு வடை அதற்கு முன்னரே மராத்தியர் வீடுகளில் இருந்தது. அதனைப் பாவுக்குள் வைத்ததே புதுமை. ஏன் தாதர்? அதன் தெற்கே பரேல், லால்பாக், வொர்லி என்று விரியும் பகுதி அக்காலத்தில் பஞ்சாலைகளால் நிறைந்திருந்தது. ‘கிரண்காவ்’, ஆலைகளின் ஊர், என்பது அதன் பெயர். 1850களில் தொடங்கிய அவ்வாலைகள் இரவும் பகலுமாக முறை மாற்றி இயங்கின. முறை முடிந்து வருவோனுக்கும் முறைக்குப் போவோனுக்கும் அமர்ந்துண்ண நேரமுமில்லை, பணமுமில்லை. ஒரு கையில் உண்ணக்கூடியது வேண்டும். மறுகை புகையிரதத்தின் வாயிற் கம்பியைப் பிடித்திருக்கும். பாவும் வடையும் சேர்ந்தது அந்த ஒற்றைக் கைக்காகவே என்று நாம் கருதுகின்றோம்.

இதையெல்லாம் எமக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் பெரியவரே. சொல்லச் சொல்ல நாம் இரண்டாவது வடா பாவையும் முடித்துவிட்டோம். அப்பொழுதுதான் அவர் கையில் ஏதுமில்லை என்பதைக் கண்டோம். கடைக்காரர் அவருக்குப் பொதி எதையும் நீட்டவுமில்லை. பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து அரைக்குவளைத் தேநீர், ‘கட்டிங்’ என்று அங்கே வழங்குவது, வரவழைத்துக் கொடுத்தார். இருவரும் மராத்தியிற் பேசிச் சிரித்துக்கொண்டனர். நெடுங்காலப் பழக்கம் என்பது தெரிந்தது.

“நீங்கள் சாப்பிடேல்லையோ ஐயா?” என்று எமது இல்லாள் கேட்டார்.

“எனக்குப் பழக்கமில்லம்மா” என்றார் பெரியவர்.

அந்நகரிற் பிறந்து, அந்நிலையத்துக்கு ஒரு தரிப்பிடத் தொலைவில் அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவருக்குப் பழக்கமில்லை என்றால் யார் நம்புவர்? நாம் மேலும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தபின் அவராகவே சொன்னார்.

அதனைச் சொல்லுமுன் அக்காலத்தைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். வடா பாவ் தோன்றியதாகச் சொல்லப்படும் அதே 1966இல் அந்நகரில் ஓர் அரசியல் இயக்கமும் தோன்றிற்று. மும்பை மராத்தியருக்கே, வேலைகள் மண்ணின் மைந்தருக்கே என்பது அதன் முழக்கம். அதன் முதற் சினம் தென்னாட்டாரின்மீது பாய்ந்தது. அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டெழுத்தாளராகவும் இருந்தவர்களும், உடுப்பிச் சிற்றுண்டிச்சாலைகளை நடத்தியவர்களும் அதற்கு இலக்காயினர். அவர்களது உடையையே நகையாடும் கோஷம் ஒன்றும் தெருக்களில் எழுந்தது. சிற்றுண்டிச்சாலைகள் தாக்கப்பட்டன. இட்டலிக்கும் தோசைக்கும் எதிராக மராத்தியரின் சொந்தச் சிற்றுண்டி என்று இந்த வடா பாவ் உயர்த்திப் பிடிக்கப்பட்டது. அதை விற்க முன்வந்த இளைஞருக்கு ஆதரவும் கிடைத்தது. பாவும் பட்டாட்டாவும் எக்கப்பலில் வந்தன என்று அன்று கேட்டவர் எவருமில்லை. இதனை எழுதும்போது எமக்கு வேறு சில ஊர்களும் வேறு சில ஆண்டுகளும் நினைவுக்கு வருகின்றன. இப்பத்தி தின்பண்டத்துக்குரியது; ஆகவே மேலே செல்கின்றோம்.

பெரியவரின் தந்தையார் மாதுங்காவில் ஒரு சிற்றுண்டிச்சாலையின் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். மாவு அரைப்பது அவர் பணி. பெரியவருக்குப் பத்து அல்லது பதினொரு வயதிருக்கும். பாடசாலை முடிந்ததும் தந்தையாரிடம் போய் இரண்டு இட்டலி உண்டுவிட்டு வீடு செல்வது வழக்கம். ஒருநாள் மாலை அவ்வாறு உண்டுகொண்டிருக்கையில் ஒரு கூட்டம் வந்தது. கல் விழுந்தது, கண்ணாடி அலுமாரி உடைந்தது. யாரோ இருவர் மறுநாளைக்கு அரைத்து வைத்த மாவு அண்டாவை வாசலுக்கு இழுத்து வந்து கவிழ்த்தனர். உயிருக்கு ஒருவருக்கும் சேதமில்லை. “வெள்ளை வெளேர்னு ரோட்டுல ஓடிச்சு சம்பந்தி. அப்பா அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு. நெத்தியில ரத்தம் வர்றது அவருக்குத் தெரியலை.”

அடுத்த கிழமை தந்தையார் காற்சட்டை வாங்கினார். அதுவரை அதனை அணிந்தறியாதவர். இறக்கும்வரை அவர் வேட்டியோடு வீட்டு வாயிலைத் தாண்டவில்லை. வீட்டுக்குள்ளே கட்டுவார், யாரேனும் கதவைத் தட்டினால் உள்ளே ஓடிப்போய் மாற்றிக்கொள்வார்.

எமது இல்லாள் பெரியவரின் மடித்துக் கட்டிய வேட்டியைப் பார்த்தார். பின்னர் பூச்சந்தைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வடை மேல எனக்கு என்ன கோபம்? அது பாவம்” என்றார் பெரியவர். “பள்ளிக்கூடத்துல கூடப் படிச்ச பசங்க இதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் அந்தக் கோஷத்தைப் போடுவாங்க. அப்புறம் எல்லாரும் சினேகிதம் ஆயிட்டோம். ஒருத்தன் என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டான். ஆனா இதை வாயில வைக்க வரலை. அவ்வளவுதான்.”

பந்தல் போட்ட அந்த நண்பர் வேறு யாருமல்லர். நாம் உண்ட கடையின் உரிமையாளரது தந்தையார். பரேலில் ஓர் ஆலையில் நெசவாளராக இருந்தவர். 1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி மும்பை ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் தத்தா சாமந்தின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்நிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படாமலே கரைந்து போயிற்று. ஆலைகள் பல மீண்டும் திறக்கவில்லை. திறந்தவற்றிலும் பழையவர் பலருக்கு இடமிருக்கவில்லை. ஆலைகள் நின்ற காணிகளில் இன்று அங்காடி மாளிகைகளும் வானளாவிய வீடுகளும் நிற்கின்றன. புகைபோக்கிகள் சில மட்டும் அலங்காரம்போல் விட்டுவைக்கப்பட்டுள்ளன. வேலையிழந்தோர் பலர் செய்தது, தாம் ஆலை வாயிலில் உண்டதையே தாம் விற்கத் தொடங்கியது. ஒரு தாச்சியும் ஒரு வண்டியும் இருந்தாற் போதும். நண்பரும் அவ்வாறே இந்த வண்டியைத் தொடங்கினார். முதல் வண்டிக்குப் பணம் குறைந்தபோது யாரிடம் கடன் வாங்கினார் என்று நாம் கேட்டோம். பெரியவர் விடை கூறவில்லை; குவளையைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

“இந்தக் கடைக்காரருக்குத் தெரியுமோ, நீங்கள் ஏன் சாப்பிடுறேல்லை எண்டு?” என்று அவர் வந்ததும் எமது இல்லாள் மெல்லக் கேட்டார்.

“அவங்க அப்பாவுக்குத் தெரியும். போயிட்டாரு. இவன் அப்போ பிறக்கவே இல்லையேம்மா. இவன்கிட்ட என்னத்தைச் சொல்ல? சாயா வாங்கித் தர்றான், குடிக்கேன்.”

இருட்டத் தொடங்கியது. நாம் பணம் கொடுக்க முயன்றோம். கடைக்காரர் வாங்க மறுத்தார். திருமணத்துக்கு வந்த சம்பந்தியார் என்று பெரியவர் மராத்தியில் அறிமுகஞ் செய்திருந்ததே காரணம். அவ்வாறு சும்மா உண்பது எமக்குக் கூச்சமாயிருந்தது. ஆகவே இல்லாள் ஓர் உபாயம் செய்து, உதவியாளாகிய இளைஞனின் கையிற் பணத்தைத் திணித்துவிட்டார். தமிழில் ஏதோ சொன்னார், அவன் மராத்தியில் ஏதோ சொன்னான், இருவருக்கும் விளங்கியது.

புறப்படும்போது பெரியவர் ஆறு வடா பாவ் கட்டித் தரும்படி கேட்டார். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருவர். மூத்தவன் கல்லூரி செல்பவன். மராத்தியை வீட்டுத் தமிழிலும் விரைவாகப் பேசுபவன். தாத்தா தாதருக்குப் போனார் என்று தெரிந்தால் வெறுங்கையோடு உள்ளே விடமாட்டானாம். கடைக்காரர் சுடச்சுட எடுத்துக் கட்டி, நூலாற் சுற்றிக் கொடுத்தார். பெரியவர் வேட்டியை மீண்டும் மடித்துக் கட்டிக்கொண்டு பொதியைக் கையில் ஏந்தினார். நான்கு அடி நடந்தவர் நின்றார்; திரும்பி வண்டிக்கு வந்தார்; நூலை அவிழ்த்துப் பொதியைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். வடை ஆறு இருந்தது. பொரித்த மிளகாய் ஐந்துதான் இருந்தது. இன்னொன்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் சிறியவன் சண்டை பிடிப்பான் என்றார்.